அப்பாவின் ஏர்கோனும் அண்ணியின் குடைமிளகாயும்

எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பி இருக்கிறது. அதன் கீழே இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண். பினாங்கில் ஜார்ஜ்டவுன் வரிசை வீட்டில் வாழ்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும். முன்கதவைத் திறந்தால் ஐந்தடி நடைபாதை, அதைத் தாண்டினால் தார்ச்சாலை, சாலையில் சுற்றுப்பயணிகள், அவர்களுக்கு மணியடித்துக்கொண்டு போகும் திரிஷா என்கிற மிதிரிக்‌ஷா. மண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் பின்கதவைத்தான் திறக்க வேண்டும்.

அப்பாவுக்கு அந்த மண் பிடிக்காது. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் தூசி, இரண்டுக்கும் நடுவில் எலி என்பது அவருடைய வாதம். அந்த இடம் முழுவதும் சிமெண்ட் போட்டு, மேலே தகரக் கூரை இறக்கி, துணி துவைக்கும் மெஷினை வெளியே வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். கன்ட்ராக்டரிடம் பேசியும் ஆகிவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிற ஆட்கள் திரும்பி வந்ததும் வேலை தொடங்கும் என்று அவர் சொல்லியிருந்தார்.

இதற்கு நடுவில்தான் அண்ணி குடைமிளகாய் போட்டார்.

அண்ணி நிபோங் திபால் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அவன் மாதத்தில் ஒரு தடவை வருவான், இரண்டு நாள் தூங்குவான், திரும்பிப் போவான். மிச்ச நாளெல்லாம் அண்ணி எங்களோடுதான். எங்கள் வீட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்கெனவே ஓர் ஆள் உண்டு. சமையலறை அம்மாவுடையது, உப்பு டப்பாவை இடம் மாற்றினால் கூட அவருக்குத் தெரிந்துவிடும். கூடத்து நாற்காலி அப்பாவுடையது. மாடியில் முன்னறை என்னுடையது, படிப்பு முடிந்து வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிற எனக்கு அதுதான் ராஜ்ஜியம். அண்ணிக்கு என்று இருந்தது அண்ணனுடைய பழைய அறை, அதன் சுவரில் இன்னும் அண்ணனின் காற்பந்துக் குழுப் படங்கள்தான் ஒட்டியிருந்தன. யாரும் கேட்காமல் கிடந்த ஒரே இடம் அந்தப் பின்பக்க மண். அண்ணி இதையெல்லாம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வேலை விட்டு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பின்கதவுக்குப் போவதை நான் தினமும் பார்த்தேன்.

விதை கடையில் வாங்கியதில்லை. தீபாவளி கழிந்த வாரம் சமையலுக்கு வாங்கிய சிவப்புக் குடைமிளகாயை அம்மா நறுக்கினார். குப்பைக்குப் போகவிருந்த நடுத்தண்டை அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டார். பச்சையாக இருக்கும் காயில் விதை முற்றியிருக்காது, சிவந்ததில்தான் முளைக்கும் என்று நான் கைப்பேசியில் தேடிச் சொன்னேன். “அப்ப நம்ம ஆளு சிவப்புதானே, வா” என்றார். மார்ஜரின் டப்பாவில் போட்ட விதைகள் முளைத்தன. மார்கழி முடியும்போது செடிகள் என் விரல் உயரம். தைப்பூசத்துக்கு முன்பே துணிக்கம்பியின் கீழ் ஒரு வரிசையாக நட்டுவிட்டார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில்தான் பேச்சு வந்தது.

“என்னம்மா, பின்னாடி என்னவோ நட்டு வெச்சிருக்க?” என்றார் அப்பா.

“கேப்சிகம் மாமா.”

“கேப்சிகமா? அது கேமரன் மலையில விளையிற சாமான். பினாங்கு வெயில்ல வெந்து போயிடும்லா.”

“ஏன் மாமா வேகணும்? மிளகா வேகலை, கத்திரி வேகலை. இதுவும் அதுங்களுக்குச் சொந்தக்காரந்தான்.”

“சொந்தக்காரன்னா எல்லாரும் ஒரே மாதிரியா? என்னையும் என் தம்பியையும் பாரு.”

“ஆமா,” என்றார் அம்மா, குழம்பு ஊற்றிக்கொண்டே. “அவரு சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைப்பாரு.”

நான் சிரித்ததில் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவர் பந்தயம் கட்டுவார். “சரி. கன்ட்ராக்டர் வர்ற அன்னிக்கு அந்தச் செடியில ஒரு காய், ஒரே ஒரு காய் தொங்கட்டும். அந்த இடத்தை விட்டுட்டு மத்ததுல சிமெண்டு போடச் சொல்றேன். இல்லைன்னா மொத்தமும் சிமெண்டு. பேசக்கூடாது.”

“பூ கணக்கில்லையா மாமா?”

“பூவை சாம்பார்ல போடுவியா?”

“மாட்டேன்.”

“அப்ப கணக்கில்லை.”

அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். நான்தான் தூங்கவில்லை. எனக்கு எதிலும் பாதியில் நிற்கத் தெரியாது. மறுநாள் காலைக்குள் குடைமிளகாய் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் பார்த்து முடித்திருந்தேன். எல்லா வீடியோவிலும் ஒரு வெள்ளைக்காரரோ ஜப்பான்காரரோ வந்து, நாள் முழுக்க வெயில் படட்டும், இந்தச் செடிக்குக் கோடைதான் உயிர் என்றார்கள். நான் உடனே போய்ச் செடிகளுக்கு நிழல் விழாதபடி துணிக்கம்பியில் இருந்த போர்வைகளை எல்லாம் மடித்து எடுத்தேன். அவர்களுடைய கோடை எது, நம்முடைய தை எது என்று யோசிக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் இலைகள் நனைந்த துணி மாதிரி தொங்கின.

அண்ணி வேலையிலிருந்து வந்து பார்த்தார். திட்டவில்லை. “அந்த ஊருல கோடைன்னா நம்ம ஊரு மழைக்காலம் மாதிரி இருக்கும்போல, தங்கச்சி” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்க் கறுப்பு நிழல்வலை வாங்கி வந்தார். காலை வெயில் சாய்வாகப் படும்படியும் உச்சி வெயில் வடிகட்டி விழும்படியும் கம்பியிலிருந்து சுவருக்கு இழுத்துக் கட்டினார். வேர் இருக்கும் இடத்தில் தேங்காய் மட்டையை உரித்துப் பரப்பினார். தண்ணீர் நன்றாக விடிந்த பிறகு ஒரு தடவை, வேலை முடிந்து வந்து ஒரு தடவை. தொழிற்சாலையில் நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடியில் மின்னணுச் சில்லுகளைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கிற கண்கள் இலையின் அடியில் ஓர் அசுவினிப் பூச்சியைக்கூட விடாது. அவர் குனிந்து இலையைத் திருப்பிப் பார்க்கிற விதத்தைப் பார்க்கவே நான் பின்கதவில் உட்கார்ந்திருப்பேன். அவசரம் என்பதே அதில் கிடையாது. நான் ஒரு செடியைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்ததற்கு ஓடிவிடுவேன், அவர் ஒரு கிளையிலேயே நிற்பார்.

பிறகு முதல் பூ வந்தது. தண்டு இரண்டாகப் பிரிகிற கவட்டையில் வெள்ளையாக, தலையைக் கவிழ்த்துக்கொண்டு. நான் குதித்தேன். அண்ணி விரலால் அதைக் கிள்ளிப் போட்டார்.

அம்மா பார்த்துவிட்டார். “ஐயோ, என்னம்மா பண்ற? பூத்த முதல் பூவையா கிள்ளுவாங்க? வெள்ளிக்கிழமை அதுவுமா!”

“அத்தை, இப்பவே காய் பிடிச்சா செடி இதே உயரத்துல நின்னுடும். கொஞ்சம் வளரட்டும்.”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “விடு விடு, கிள்ளட்டும். எனக்கு வேலை மிச்சம்!”

பந்தயம் கட்டியவர், காய் வேண்டும் என்று தவிக்கிறவர், கைக்கு வந்த முதல் பூவைக் கிள்ளி எறிகிறார். அந்தத் தைரியம் எனக்கு வராது. ஆனால் செடி அவர் சொன்னபடி கேட்டது. பக்கக் கிளைகள் விட்டன, இலைகள் உள்ளங்கை அகலமாயின, தொடர்ந்து பூக்கள் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு நாள் இருந்தது, மூன்றாம் நாள் காம்போடு கீழே விழுந்தது. மட்டையின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. ஒன்றில்கூடப் பிஞ்சு இல்லை.

அம்மா கற்பூரம் சுற்றிப் போட்டார். கம்பியில் எலுமிச்சையும் காய்ந்த மிளகாயும் கோத்துக் கட்டினார். குடைமிளகாய்ச் செடிக்குக் கண் படக்கூடாது என்று மிளகாயைக் கட்டுவது உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கும் என்று நான் கேலி செய்தேன். பூக்கள் விழுந்துகொண்டே இருந்தன.

நான் மறுபடி தேடினேன். இந்த முறை பகல் வெயிலை விட்டுவிட்டு இரவைத் தேடினேன். பகலில் எவ்வளவு காய்ந்தாலும் இரவில் குளிர்ந்தால் பூ தங்கும், இரவிலும் சூடு இறங்காவிட்டால் செடி பூவை உதிர்த்துவிடும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். பினாங்கு இரவை நான் எங்கே கொண்டுபோய்க் குளிர வைப்பது? “முடிஞ்சுச்சு அண்ணி,” என்றேன். “ஊரு சூடு. நம்மால ஒண்ணும் பண்ண முடியாது.”

“ஊரே சூடுன்னா பக்கத்து வீட்டுக் கத்திரி மட்டும் எப்படிக் காய்க்குது?” என்று கேட்டார் அண்ணி. அவரிடம் இந்த ‘எப்படி’ ஓயாது.

அதற்குப் பதில் பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது. அங்கே இருப்பவர் எங்களைப் போலவே தமிழ் பேசும் முஸ்லிம் அக்கா. கணவர் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். நடுச்சுவர் மார்பு உயரம்தான், அதன் மேல் கையை ஊன்றிப் பேசுவதுதான் அவருடைய மாலைப் பொழுதுபோக்கு. அப்போது நோன்பு மாதம். நோன்பு திறக்கக் கஞ்சி அடுப்பில் இருக்க, எட்டிப் பார்த்தார்.

“என்ன புள்ள, இன்னும் காய்க்கலையா? எங்க வீட்டுக்காரரு கடையில நாலு கேப்சிகம் எடுத்து நூல்ல கட்டித் தொங்க விட்டுடவா? ஒங்க மாமாவுக்குத் தெரியவா போவுது?”

“தெரியும்க்கா. அவரு பஸ் ஓட்டினவரு. பின்னாடி இருக்கிறதையும் கண்ணாடியில பார்ப்பாரு,” என்றார் அண்ணி.

அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஆனா ஒண்ணு. நோன்பு பிடிக்க விடியக்காலை எந்திரிச்சுப் பின்கதவத் தொறந்தா, எங்க பக்கம் சில்லுனு இருக்கு. இந்தச் சுவருகிட்ட வந்தா மட்டும் அடுப்பு மூஞ்சியில அடிக்கிற மாதிரி இருக்குலா. ஒங்க மாமா ஏர்கோன் காத்து. விடிய விடிய வருது.”

அண்ணியும் நானும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். அப்பாவின் அறை கீழே, பின்பக்கம். அதன் சுவரில், முழங்கால் உயரத்தில், ஏர்கோனின், அதாவது குளிர்சாதனத்தின், வெளிப்பெட்டி. அதன் விசிறி நேராகச் செடி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் பகலில் பார்க்கிற பெட்டிதான். பகலில் அது ஓடாது. அது ஓடும் நேரத்தில் இந்த வீட்டில் யாரும் விழித்திருப்பதில்லை. விடியலுக்கு முன் எழுந்து பின்கதவைத் திறக்க நோன்பு பிடிக்கும் ஒருவர் வேண்டியிருந்தது.

நான் உடனே அப்பாவிடம் போகக் கிளம்பினேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

“எங்க போற?”

“ஏர்கோனை நிறுத்தச் சொல்றேன். இது அநியாயம் அண்ணி!”

“சும்மா இரு. அது மாமாவோடது.”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். பழைய பஸ்களில் என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்தச் சூட்டில் அவருடைய இடது கெண்டைக்கால் தோல் இன்றும் கறுத்துத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது தனக்கு என்று அவர் கேட்டது அந்த ஏர்கோன் ஒன்றைத்தான். இரவு கதவைச் சாத்திக்கொண்டு போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்ளும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும், அதைக் கெடுக்க அண்ணிக்கு மனமில்லை. அதோடு, தோற்கப்போகிற நேரத்தில் எதிராளியிடம் சலுகை கேட்பது அவருக்குப் பிடிக்காது என்றும் நினைக்கிறேன்.

தைப்பூசத்துக்கு எங்கள் தெருப் பையன்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் பேனர் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் சுருட்டிக் கிடந்தது. அண்ணி அதை இழுத்து வந்தார். வெளிப்பெட்டிக்கு முன்னால் இரண்டு மூங்கில் கழி நட்டு, பேனரைச் சரிவாக இழுத்துக் கட்டி, வெப்பக் காற்று மேலே போய்விடும்படி செய்தார். பேனரில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்த தெருப் பெரியவர்கள் தலைகீழாக ஏர்கோனைப் பார்த்தபடி இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோமாளித்தனம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு முடிச்சுகூடத் தப்பில்லை, பெட்டிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி, அடியில் ஓரம் மடித்துக் கல் வைத்திருந்தது.

மறுநாள் காலை அப்பா முகம் கடுகடுவென்று வெளியே வந்தார். “ராத்திரி ரெண்டு தடவை ஏர்கோன் நின்னு நின்னு ஓடுச்சு. என்னடா கோளாறுன்னு...” என்று சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்தவர், பேனரைப் பார்த்து நின்றுவிட்டார்.

அண்ணி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தார்.

“என்னம்மா இது?”

“காத்து செடி மேல அடிக்குது மாமா. அதான் பூ நிக்க மாட்டேங்குது. மேல திருப்பி விட்டேன்.”

“நேத்துதான் கண்டுபிடிச்சியா?”

“பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க.”

அப்பா குனிந்து பேனரைத் தட்டிப் பார்த்தார். இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். “வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படி மூஞ்சியில துணியக் கட்டினா கம்ப்ரெஸர் செத்துப் போயிடும்.” பேனரின் கயிற்றை அவரே அவிழ்த்தார். எனக்குப் பேச்சு வாய்வரை வந்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அடங்கினேன். அண்ணியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஈரக் கையைப் புடவையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் ஒரு காயும் இல்லை. பெருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

அப்பா பேனரை ஒழுங்காகச் சுருட்டி அண்ணி கையில் கொடுத்தார்.

“இங்க பாரும்மா. நாளைக்கு நீ தோத்தா, மாமாவோட ஏர்கோன்தான் தோக்கடிச்சுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவ. அந்தப் பேரு எனக்கு வேணாம். நீ தோத்தா உன் செடியால தோக்கணும்.”

அன்றிரவு அவர் ஏர்கோனைப் போடவில்லை. பாயையும் தலையணையையும் எடுத்து வந்து கூடத்தில் விசிறியின் கீழ் படுத்தார். அது இந்த வருஷத்தின் மோசமான வெயில் காலம். விடிந்தால் அவருடைய பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். வியர்க்குரு வந்து பவுடர் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “செத்த செடிக்குச் சேவகம்,” என்று முணுமுணுப்பார். அம்மா ஒரு தடவை, “இன்னைக்கு ஒரு நாள் போட்டுக்கங்களேன்” என்றபோது, “பந்தயம் முடியட்டும்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அதுவரை அவருடைய பிடிவாதம் பிடித்ததே இல்லை. அந்த நாள்களில் மாடிப்படியில் நின்று அவர் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்தேன். இந்த வீட்டில் பிடிவாதக்காரர்கள் இரண்டு பேர் என்பதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணியும் அவருக்காகச் சும்மா இருக்கவில்லை. அப்பா படுக்கிறதற்கு முன் கூடத்துத் தரையை ஈரத்துணியால் துடைத்துவைப்பார்.

வாரம் ஒன்று போனது. ஒரு காலையில் வழக்கம்போல விழுந்த பூக்களை எண்ணலாம் என்று போனேன், மட்டையின் மேல் நான்கைந்துதான் கிடந்தன. மேலே பார்த்தேன். வாடிய இதழ்களை இன்னும் கழுத்தில் போட்டுக்கொண்டு, மிளகு அளவில் ஒரு பச்சை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு ஓடி வந்தார். அண்ணி மெல்லக் குனிந்து, தொடாமல், இலையை மட்டும் விலக்கிப் பார்த்தார். “நிக்கட்டும், நிக்கட்டும்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அது நின்றது. பிறகு இன்னொன்று. பெருநாள் அன்று அக்கா வீட்டிலிருந்து ரெண்டாங் கறியும் கெத்துப்பாட் சோறும் வந்தபோது முதல் காய் சுண்டைக்காய் அளவு. கன்ட்ராக்டரின் ஆட்கள் ஊரிலிருந்து திரும்பியபோது அது கோழி முட்டை அளவு, பளபளவென்று, நாலு பக்கமும் புடைத்து. சந்தையில் வாங்குகிறதில் பாதிகூட இருக்காது. எங்கள் ஊர் வெயிலில் அதற்கு மேல் அது வளராது போலிருந்தது. ஆனால் தொங்கியது.

கன்ட்ராக்டர் ஒரு நடுத்தர வயது மலாய்க்காரர். லாரியை முன்னால் நிறுத்திவிட்டு, அளவு நாடாவோடு உள்ளே வந்தார். அப்பா அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனார். அன்று சனிக்கிழமை, அண்ணிக்கு விடுமுறை. அவர் சமையலறை வாசலில் நின்றார், நான் அவருக்குப் பின்னால், அம்மா எனக்குப் பின்னால்.

கன்ட்ராக்டர் நாடாவை இழுத்துச் சுவரிலிருந்து சுவருக்கு வைத்தார். “ஸெமுவா கெ, பக்சிக்?” எல்லாமேவா என்று கேட்டார்.

அப்பா போய்ச் செடி முன்னால் உட்கார்ந்தார். மூட்டு வலிக்காரர் அவ்வளவு தாழ உட்கார்ந்து நான் பார்த்து நாளாயிற்று. காயைத் தொட்டார். உண்மையாகவே காம்போடு ஒட்டியிருக்கிறதா என்று லேசாக ஆட்டிக்கூடப் பார்த்தார்.

“சின்னக் காயா இருக்கே,” என்றார் திரும்பாமல்.

“காய்தானே மாமா கேட்டீங்க. அளவு கேக்கலையே,” என்றார் அண்ணி.

அப்பா சுவரைப் பிடித்து எழுந்து, எல்லாம் இல்லை என்று கன்ட்ராக்டரிடம் தலையை ஆட்டினார். கன்ட்ராக்டர் இன்னும் நாடாவோடு காத்திருந்தார். எந்த இடம் வரை விட வேண்டும், எங்கே கோடு போட வேண்டும் என்று கேட்டார். அப்பா அண்ணியைக் கையால் காட்டினார்.

“தான்யா டியா,” என்றார். அவளைக் கேளு.

எங்கள் வீட்டில் எந்த வேலைக்காரரும் எந்தக் கேள்வியையும் அப்பாவைத் தவிர வேறு யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணியும் பார்த்ததில்லை போலும், அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினார். செடி வரிசைக்குப் போனார், அங்கே நிற்கவில்லை. அதைத் தாண்டி இன்னும் இரண்டடி நடந்து, துணிக்கம்பிக்கு வெளியே வந்து, கட்டைவிரலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

“சம்பாய் சினி,” என்றார் கன்ட்ராக்டரிடம். இது வரைக்கும்.

“ஏய், ஏய்,” என்றார் அப்பா. “செடி அங்க இருக்கு, கோடு இங்க இருக்கு!”

“அடுத்த தடவை கத்திரியும் போடணும் மாமா,” என்றார் அண்ணி, கோட்டை இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கிழித்தபடி.